கோவூர்கிழார் கண்ட உள்நாட்டுப் போர்

காரணங்கள், விளைவுகள் என இரு தலைப்புக்களிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஐந்தைந்து குறிப்புக்கள் எழுதிவிட்டால் ஒரு போரை விளங்கிக்கொண்டதாகவே நம் மாணவர் கருதுகின்றனர். 1642இல் தொடங்கிய ஆங்கில உள்நாட்டுப் போரும், 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரும் விடைத்தாளில் ஏறத்தாழ ஒரே முகத்துடன் தோன்றுகின்றன. இதற்கு மாணவரை மட்டும் குறைகூறல் தகாது. அவ்வாறு எழுதக் கற்பித்தவர் நாமே. காரணம் யாருடையது, விளைவு யார்மேல் வீழ்ந்தது என்னும் வினா அக்குறிப்புக்களிடையே எழுவதில்லை. அதனை எழுப்புதற்குப் புறநானூற்றுப் பாட்டுக்கள் சில பெரிதும் துணைசெய்யும் என்பது என் துணிபு.

உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து வெளியிட்ட அந்நூலில் 44, 45, 47 ஆம் பாட்டுக்கள் சோழர் குடியினர் இருவரிடையே மூண்ட போரைப் பற்றியன. நலங்கிள்ளி முற்றுகையிடுகின்றான்; நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருக்கின்றான். முதலில் ஆவூர், பின்னர் உறையூர். மூன்றையும் பாடியவர் கோவூர்கிழார்.

ஆவூர்ப் பாட்டு அரசனிடமிருந்து தொடங்கவில்லை, யானைகளிடமிருந்து தொடங்குகின்றது. நீராடாமலும் நெய்பெய்த கவளம் பெறாமலும் அவை துதிக்கை நிலத்திற் புரளப் பெருமூச்செறிகின்றன. அதன்பின் பாலின்றி அழும் குழந்தைகள், பூவின்றி வெறுந்தலையை முடிக்கும் மகளிர், நீரின்றி வருந்தும் வீடுகள். விளைவு என்னும் தலைப்பின் கீழ் 'மக்கள் துன்புற்றனர்' என ஒரு வரியில் நாம் எழுதுவதைப் புலவர் வீடு வீடாகச் சென்று காட்டுகின்றார். நம் நாட்டில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் முடிந்தபின் பிறந்தோரே இன்று நம் வகுப்புக்களில் உள்ளனர். பல வீடுகளில் அது பேசப்படாத பொருள். இப்பாட்டைப் படித்த அன்று, தன் அம்மம்மாவும் முதலில் தண்ணீரைப் பற்றியே சொல்வார் என்றான் ஒரு மாணவன். அன்று அதற்குமேல் நான் பாடம் நடத்தவில்லை.

ஆயினும், கோவூர்கிழாரைச் சமாதானத் தூதர் எனப் புகழ்ந்து மேற்செல்லும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆவூர்ப் பாட்டிற் போரை நிறுத்துமாறு அவர் கேட்கவில்லை. அறவழி நிற்பையாயின் கதவைத் திறந்து கோட்டையைக் கொடு. மறவழி நிற்பையாயின் கதவைத் திறந்து போரிடு. இரண்டுமின்றி மதிலின் ஒரு மூலையில் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பதே அவர் கூற்று. மக்கட்டுயரை மனமுருகச் சொன்னவரே போரையும் ஒரு தகுந்த வழியாக வைக்கின்றார். இம்முரணை மாணவர்க்கு மறைத்தல் கூடாது.

உறையூர்ப் பாட்டிற் பேச்சு வேறு. எதிர்நிற்பவன் சேரனின் பனம்பூவோ பாண்டியனின் வேப்பம்பூவோ சூடியவனல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்லுதல் இயலாது. உங்கள் செயல் பிற வேந்தர்க்கே உவகை தரும் என்கின்றார். தன் மக்கள் இருவர்மேற் போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனிடம் புல்லாற்றூர் எயிற்றியனார் கூறியதும் இவ்வகையினதே: அவர்களை வென்றபின் இவ்வரசை யாருக்கு விட்டுச்செல்வாய்? இரண்டும் கூரிய வாதங்கள்தாம். ஆனால் ஆவூரின் குழந்தைகளும் மகளிரும் உறையூர்ப் பாட்டில் எங்கே? வேந்தர் செவிக்குக் குடிப்பெருமையே ஏறும் எனப் புலவர் கண்டுகொண்டார் போலும்.

"எதற்காகப் போரிட்டனர், ஐயா?" என்று அம்மாணவனே பின்னொரு நாட் கேட்டான். பாட்டு அதனைச் சொல்லவில்லை. பாட்டினடியிலுள்ள பழைய குறிப்பும் சொல்லவில்லை. அரசுரிமைப் போட்டி என்று உரைப்பது பொருந்தக்கூடிய ஊகம். ஊகம் என்றே அதனைக் கற்பித்தல் வேண்டும். காரணங்கள் ஐந்து எழுதிப் பழகிய மாணவனுக்கு, விளைவு இவ்வளவு தெளிவாகவும் காரணம் இவ்வளவு மங்கலாகவும் உள்ள ஒரு போரைக் காண்பது புதிது.

மூன்றாம் பாட்டே என் நோக்கில் மிகவும் ஆழமானது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப்புகுகின்றான். வள்ளல்களை நாடி நெடுவழி நடந்து, பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு வாழும் பரிசிலரால் யாருக்குத் தீங்கு எனக் கேட்டு, கோவூர்கிழார் அவனை உய்விக்கின்றார். ஒரே குடியினரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வந்தமையே ஒருவனைக் குற்றவாளியாக்கிவிட்டது. ஐயம் போரின் விளைவா, அடுத்த கொலைக்குக் காரணமா? இரு தலைப்புக்களுள் எதன்கீழ் இதனை எழுதுவது என்று வகுப்பைக் கேட்டேன். ஒருவரும் உடனே விடை கூறவில்லை. எனக்கும் அது எளிதன்று.

இளந்தத்தன் பிழைத்தான். நெடுங்கிள்ளியோ 'காரியாற்றுத் துஞ்சிய' என்னும் அடைமொழியோடு அக்குறிப்பில் நிற்கின்றான். அவன் மாண்ட இடத்தை அவன் பெயரே அறிவிக்கின்றது. ஆவூரிற் பாலின்றி அழுத குழந்தைகள் என்னவாயினர் என்பதைக் கூறும் குறிப்பு எதுவும் இல்லை.