விரைவு நிதியும் தாமதித்து வரும் துக்கமும்

2020-இல் கொரோனாத் தொற்று பற்றிய ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட நிதிகளை நோக்குவோம். தேசிய அறிவியல் அறக்கட்டளை, சமூக அறிவியல்களையும் உட்படுத்திய தன் விரைவு நிதித் திட்டத்தில், ஓராண்டுப் பணிக்கு 2,00,000 டாலர் வரை அளித்தது. சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் விரைவு நிதிக்கு உச்ச அளவு 5,000 டாலர். (பயணச் செலவுக்குப் போதும், ஆசிரியர் ஒருவரை ஒரு பருவம் வகுப்பினின்று விடுவிக்கப் போதாது.) எனினும் தொகையைவிட அவசரமே நம்மை உறுத்துகிறது. ஊரடங்கு நாட்களின் சான்றுகளை அன்றே திரட்டவேண்டும் என்பது நியாயமே. ஆனால் அருகிருந்து வழியனுப்ப இயலாமற்போன குடும்பத்தார் தம் இழப்பைப் பற்றி வாய் திறக்க ஆண்டுகள் ஆகலாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய்த் தரையில் அமர்ந்திருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே பிழைத்தனர். ஓராண்டு நிதியில் அம்மௌனத்திற்கு இடமில்லை. விரைவு நிதிக் கதவுகள் அடைபட்டபின், ஆய்வாளர் தொற்றின் பெயரால் கேட்பதைவிட, அடக்க வழிபாடு, புலம்பல், ஆயர் பணி எனும் நிலையான தலைப்புகளில் கேட்பதே தகும் எனக் கருதுகிறோம். ஹென்றி லூஸ் அறக்கட்டளை போன்றவை இறையியலுக்கென்றே நிதி வழங்கி வந்துள்ளன. அத்தகையோரிடம் ஐந்தாண்டுக் காலம் கேட்க நம் ஆய்வாளர் கூசவேண்டியதில்லை.