குறவஞ்சியும் சமபந்தியும்

சுவார்ச்சையரின் மாணாக்கரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, கிறிஸ்துவைத் தலைவனாகவும் சீயோன் குமாரியைத் தலைவியாகவும் கொண்டு, குறத்தி குறி கூறும் நம் நாட்டு மரபிலேயே இயல்வது. சுவிசேஷத்தைத் தமிழ்ச் சுவை குன்றாது உரைத்த அருமை போற்றத்தக்கதே.

நிற்க. 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபையினுள் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, சாஸ்திரியார் சாதியாசாரத்தின் பக்கமே நின்றார். சாதி வெறும் உலக வழக்கு, மதத்திற்குப் புறம்பானது என்பது அத்தரப்பின் வாதம். அங்ஙனமாயின், ஆலயத்திலே தனியிடமும், திருவிருந்திலே முதலிடமும் வேண்டியதேன்? தேவ சந்நிதியிலும் விட்டொழிக்க மனமில்லாததை உலக வழக்கென்பது எவ்வாறு பொருந்தும்?

குறத்தியைப் பாட்டினுள் அழைத்த கவிஞர், அவளையொத்த எளியாருடன் சமமாய் அமர ஒப்பவில்லை. அந்நூலைக் கற்போர் இதனையும் உடன் கற்பாராக.