ஆர்ப்பாக்கக் கல்வெட்டின் 28 நாள்

தொண்டிக்கு வடக்கே, மணமேற்குடிக்குத் தெற்கே, கடற்கரையில் அமைந்த ஊர் மீமிசல். 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டிய அரியணை குறித்துப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் பூசலிட்டனர். பராக்கிரமனுக்குத் துணையாக ஈழவேந்தன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அனுப்பிய இலங்காபுரனின் படை இக்கரைநாட்டைக் கலக்கிற்று. பராக்கிரமன் முன்னரே கொல்லப்பட்டமையின், அவன் மகன் வீரபாண்டியனுக்காகப் போர் நீண்டது. குலசேகரன் சோழன் இரண்டாம் இராசாதிராசனின் துணையை நாடினான்.

இப்போரின் திருப்புமுனையைக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு (5ஆம் ஆட்சியாண்டு) கூறுகிறது. தொண்டி, பாசிப் பகுதிகளில் நடந்த போரால் சோழநாட்டார் அஞ்சினர். எதிரிலிசோழச் சம்புவராயன் வேண்ட, உமாபதிதேவர் 28 நாள் வழிபாடு இயற்றினார். பின்னர் ஈழப்படைத் தலைவர் தோற்ற செய்தி வந்தது. ஆர்ப்பாக்கம் அவர்க்குக் கொடையாயிற்று. இதுகொண்டு 28 நாளில் போர் முடிந்தது எனல் பொருந்தாது. அவ்வெண் வழிபாட்டின் அளவேயன்றிப் போரின் அளவன்று.

மறைந்த அமைச்சர் பெருமானம்பிப் பல்லவராயரின் தொண்டைப் போற்றும் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ (8ஆம் ஆட்சியாண்டு), வெற்றியை அவர் செயலாக்கி, பகைத்தலைவர் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன என்கிறது. அத்தலைகளைக் குலசேகரன் பின்னர் அகற்றியதைக் குற்றமாகத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு (12ஆம் ஆட்சியாண்டு) குறிப்பதால், இச்செய்தி வலுப்பெறுகிறது. ஆயின் மூன்றும் சோழர் பக்கச் சான்றுகளே. ஈழத்துப் பாலி நூலாகிய சூளவம்சமோ இலங்காபுரனின் வெற்றியோடு கதையை முடித்துத் தோல்வியைச் சொல்லாது விடுகிறது.

ஒரே நிகழ்ச்சி ஓரிடத்தில் வழிபாட்டின் பயன், ஓரிடத்தில் அமைச்சரின் ஆற்றல், ஓரிடத்தில் மௌனம். ஆவணத்தின் நோக்கம் செய்தியைத் திரிப்பதுண்டு. சிலபோது காப்பதும் உண்டு. வேந்தன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி, சோழநாடு அஞ்சியதைச் சொல்லத் துணியாது. வழிபாட்டிற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தமையால் ஆர்ப்பாக்கம் அதனைச் சொல்லிற்று. வென்றோர் பெயர்களும் தோற்றோர் பெயர்களும் கல்லில் நின்றன. கரைநாட்டில் படை புகுந்ததன் கடுமைக்கு நமக்கு எஞ்சிய நேர்மையான சான்று அவ்வச்சமே. போரின் தீர்வுக்காலத்தை ஆராய்வோர் 28 என்னும் எண்ணினும் அச்சொல்லையே முதற்கண் எடைபோடுதல் தகும்.