'வெண்பா': சிதைந்த ஏடும் விளையாட்டும்

டிராகன் குவெஸ்ட் (1986) முதலாய ஜப்பானியப் பாத்திர விளையாட்டுகளில் ஆடுவோர் வீரராகிப் போர்தோறும் ஆற்றல் மிகுவர். டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', நிண்டெண்டோ சுவிட்ச் என்னும் கைக்கருவியிலும் ஆடப்படுவது. ஈண்டு ஆடுவோர் கனடாவிற் குடியேறிய தமிழ்த்தாயாகி, அவள் அன்னையின் சமையற்குறிப்பேட்டிற் சிதைந்தவற்றை உய்த்துணர்ந்து இட்டலியும் புட்டும் ஆக்குவர்.

ஏடு பதிப்பித்தோர் அறிந்த இடர்ப்பாடே இஃது. ஆயின், உ. வே. சாமிநாதையர் சிதைந்த இடங்களைத் தம் கருத்தால் நிரப்பாது சிதைந்தவாறே காட்டினார். விளையாட்டிலோ சரியான விடை முன்னரே வகுக்கப்பட்டுளது. பிழைத்தோர் மீண்டும் முயலலாம். இவ்வெளிமை ஒரு குறையே. எனினும், மகன் கவினிடம் தமிழ் தேய்வதற்கு அத்தகைய விடை யாதும் வகுக்கப்படவில்லை. ஏட்டின் இடைவெளி நிரம்பியும் தாய்க்கும் மகனுக்கும் இடைப்பட்டது எளிதில் நிரம்பாமையே இப்படைப்பின் சிறப்பு எனலாம்.