பெரும்பாக்கத்தின் கணக்கு

கண்ணகி நகரில் 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,700-க்கும் மேல். பெரும்பாக்கத்தில் 20,000-ஐத் தாண்டும். ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் கடலோரத்திலும் குடிசை போட்டு வாழ்ந்த சென்னைவாசிகளுக்காக, 2000-ஆம் ஆண்டு தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அரசு கட்டியவை இவை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சாதனைதான். குடிசை மாற்று வாரியத்தின் கொள்கை விளக்கக் குறிப்புகளும் அப்படித்தான் பார்க்கின்றன: கட்டிய வீடு எத்தனை, செலவான கோடி எத்தனை.

வீட்டை எண்ணுவது சுலபம். அங்கே போன குடும்பத்தின் வருமானம் ஏறியதா இறங்கியதா, பிள்ளை பள்ளியில் நீடித்ததா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எட்டியதா என்பதை எண்ணுவதுதான் கஷ்டம். ஆனால் அதை எண்ணாமல், குடிசைவாசிகளை ஊர்க்கோடிக்கு அனுப்பிய இந்த முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1970-இல் வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. ஏழே ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இருக்காது என்று அன்றைக்குப் பேசினார்கள். நடக்கவில்லை. இருந்தாலும் அந்தக் காலத்து வாரியத்திடம் ஒரு நல்ல பிடிவாதம் இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது கூப்பிடு தூரத்தில், மூன்று நான்கு மாடிக் குடியிருப்பு கட்டிக்கொடுத்தது. மயிலாப்பூரிலும் பட்டினப்பாக்கத்திலும் வட சென்னையிலும் இன்றும் நாம் பார்க்கும் பழைய போர்டு வீடுகள் அப்படி வந்தவை.

1977-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. குடிசைப் பகுதியை இடிக்காமல் அங்கேயே தெரு, குழாய், கழிப்பறை போட்டுக் குடியிருப்போருக்கு மனையுரிமை கொடுப்பது ஒன்று. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் மனை பிரித்து, அடிப்படை வசதிகளை மட்டும் செய்துவிட்டு, வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டது இன்னொன்று. இந்த இரண்டாவது திட்டத்தைத் தோல்வி என்று உலக வங்கியே ஒரு கட்டத்தில் கைவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் திரும்ப வந்து பார்த்தபோது, அந்த மனைகள் பல தரப்பட்ட வருமானக்காரர்கள் சேர்ந்து வாழும், நன்றாக வளர்ந்துவிட்ட பகுதிகளாக இருந்தன. அவசரப்பட்டுத் தோல்வி என்று சொல்லிவிட்டோமோ என்று கேட்டு 2018-இல் ஒரு கட்டுரையே வெளியானது. நம் நிர்வாகத்தில் யாராவது அதைப் படித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆக, சென்னைக்கு வேறு வழி தெரியாது என்பதற்கில்லை. தெரிந்த இரண்டு வழிகளைக் கைவிட்டுத்தான் மூன்றாவதைப் பிடித்தோம்.

ஏன் பிடித்தோம்? நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது. மேம்பாலம், பறக்கும் ரயில், ஆற்றுச் சீரமைப்பு என்று வரிசையாகத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இடம் காலியாக வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் சுனாமியும் 2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டமும் பணத்தைக் கொண்டுவந்தன. பணத்தைக் குறித்த காலத்துக்குள் செலவழிக்க வேண்டுமென்றால் வெற்று நிலம்தான் வசதி. குடிசைக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, தற்காலிகத் தங்கல் ஏற்பாடு செய்து, இருந்த இடத்திலேயே கட்டுவதற்கு நாளாகும். ஊர்க்கோடியில் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுவதற்கு ஒரு டெண்டர் போதும்.

வாரியத்தின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் வலுவான வாதம் வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கரையோரக் குடிசைகள் என்ன ஆயின என்று ஊரே பார்த்தது. அங்கே மக்களை விட்டுவைப்பது மனிதாபிமானம் ஆகாது. அடுத்தது, வீட்டின் தரம். ஓலையும் தார்ப்பாயும் போய் கான்கிரீட் கூரை வந்தது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்தது. விடிவதற்கு முன் கால்வாய்க்கரைக்குப் போக வேண்டியிருந்த பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. திரும்பக் குடிசைக்குப் போகச் சொன்னால் மறுப்பவர்கள் இந்தக் குடியிருப்புகளில் நிறையவே உண்டு. மூன்றாவது வாதம், நகருக்குள் நிலமே இல்லை என்பது.

வெள்ள வாதத்தை முதலில் உரசிப் பார்ப்போம். ஆபத்தான கரையிலிருந்து எடுத்து எங்கே வைத்தார்கள்? செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகள். தென்சென்னையின் ஏரி உபரிநீர் வடிந்து போகும் வழி அது. 2015-இல் அங்கேயும் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளம் வடியும் பாதையில் குடிவைத்த பிறகு அந்த வாதத்தில் என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு, நீர்வழியை அடைத்தவர்கள் குடிசைக்காரர்கள் மட்டும்தானா? பறக்கும் ரயிலுக்காக பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கியது அரசு. அந்தக் கால்வாய்க்கரையில்தான் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடிக்கும்போது ஒருவர் தீக்குளித்து இறந்தார். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற சட்டம் தூணுக்கு ஒரு மாதிரியும் குடிசைக்கு ஒரு மாதிரியும் படித்துக்காட்டப்படுகிறது.

நிலம் இல்லை என்பதும் அப்படியே நம்பத்தக்கதல்ல. வாரியமே கடந்த சில ஆண்டுகளாக நகருக்குள் இருக்கும் தன் பழைய சிதிலமான குடியிருப்புகளை இடித்து, அதே இடத்தில் கூடுதல் மாடிகளோடு கட்டிவருகிறது. நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் புதிய கட்டடங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. மீனவர்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றார்கள். அரசும் வழி கண்டது. விலை உயர்ந்த நிலம் என்பதும் இல்லாத நிலம் என்பதும் ஒன்றல்லவே.

வீட்டின் தரம் என்ற வாதம்தான் மிச்சம். அதை ஏற்கிறேன், ஒரு பெரிய நிபந்தனையோடு. குடிசைவாசிக்கு வீடு என்பது படுக்க மட்டுமான இடம் இல்லை, பிழைக்கிற இடமும் அதுதான். தரையோடு தரையாக இருந்த குடிசையின் வாசலில் ஒரு அடுப்பை வைத்தால் இட்லிக்கடை. எட்டு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் அந்த வாசல் கிடையாது. இருப்பது இரண்டு பக்கமும் கதவுகள் உள்ள ஒரு நடைபாதை. மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் வண்டியை எங்கே பூட்டி வைப்பார்? மூட்டை தூக்குகிறவர் விடிவதற்குள் கொத்தவால் சாவடிக்கோ கோயம்பேட்டுக்கோ எப்படிப் போய்ச் சேருவார்? லிஃப்ட் நின்றுபோன நாளில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும் பெண், இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். பின்னால் வருகிறவளும் அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான், படி அவ்வளவு குறுகல். கண்ணகி நகரின் தொடக்க கால வீடுகளோ 200 சதுர அடிக்கும் குறைவு. பிள்ளைகள் பெரிதானால் ஒரு பகுதிக் குடும்பம் நடைபாதையில்தான் தூங்கும்.

இதையெல்லாம் விடக் கடுமையானது தூரம். மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்யும் பெண் பழைய குடிசையிலிருந்து பத்து நிமிடம் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து அதே வேலைக்கு அதிகாலை பஸ், பிறகு இன்னொரு பஸ். காலை வேலை முடிந்து மாலை வேலைக்கு நடுவில் வீடு திரும்ப வழியில்லை. அதனால் நாலு வீடு இரண்டு வீடாகும். இடப்பெயர்வுக்கு அரசு கொடுத்தது ஒருமுறை 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும். ஓராண்டில் நின்றுவிடும் உதவி, ஆயுள் முழுக்க நீளும் பஸ் பயணத்துக்கு ஈடாகுமா? 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மறுகுடியமர்வுத் திட்டத்தின் எந்தப் பிரிவும் செய்யாத உபகாரத்தை அந்தப் பொதுத் திட்டம் இந்தப் பெண்களுக்குச் செய்தது என்றே நினைக்கிறேன்.

முகவரியும் ஒரு சுமை. கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள், கடன் கிடைப்பதில்லை என்பது அங்கே வளர்ந்த இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. ஒரே தரப்பு ஏழைகளை மட்டும் பல்லாயிரம் குடும்பங்களாக ஓரிடத்தில் குவித்தால் வேறென்ன ஆகும்? 2020-இல் அங்கே சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க அழகுதான். சுவருக்கு உள்ளே இருக்கும் சதுர அடி மாறவில்லை.

முடிவெடுத்தது யார் என்பதைப் பற்றியும் பேச வேண்டும். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், குடிசைப் பகுதி மேம்பாட்டை நகராட்சி அமைப்புகளின் பணிகளில் ஒன்றாகவே பன்னிரண்டாவது அட்டவணையில் எழுதிவைத்திருக்கிறது. சென்னையில் நடப்பது வேறு. வீடு கட்டுவது மாநில அரசின் வாரியம். நிலப் பயன்பாடு பெருநகர வளர்ச்சிக் குழுமம். கரை நீர்வளத்துறையுடையது. மாநகராட்சி கணக்கெடுக்கும், இடிக்கும்போது ஆள் அனுப்பும். 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெருவாரியாக மக்கள் வெளியேற்றப்பட்டதில் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில்தான். தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரில் 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், வீடுகள் இடிபட்டபோது போய் முறையிட ஒரு கவுன்சிலர்கூட இல்லை. போய்ச் சேர்ந்த ஊரின் கதை இன்னும் விசித்திரம். 2011-இல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் ஊராட்சியாகவே விடப்பட்டது. உலகின் பழைய மாநகராட்சிகளில் ஒன்றின் குடிமக்களை எடுத்து, பல்லாயிரம் அடுக்குமாடி வீடுகளோடு ஒரு கிராம ஊராட்சியின் தலையில் வைத்தார்கள். குப்பைக்கும் தெருவிளக்குக்கும் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு வாரியம் ஊராட்சியைக் காட்டும், ஊராட்சி வாரியத்தைக் காட்டும்.

சட்டம் துணைக்கு வரவில்லையா? 1971 சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால்தான் அதற்குப் பாதுகாப்பும் வசதிகளும் உண்டு. 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகளாகப் பட்டியல் நீளவே இல்லை. அறிவிக்கப்படாத பகுதி ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பை அகற்றலாம். அதே 1985-இல்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்குரைஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அந்த ஆண்டே அங்கே தீர்ந்தது. தீர்ப்பின் சொல் ஒரு பக்கம், முடங்கிய பட்டியல் மறு பக்கம்.

இருந்த இடத்திலேயே கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைத் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐஐடி வல்லுநர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய பிளாக் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இரண்டும் நகருக்குள் கட்டியவை. ஆனால் இவை கட்டுமானக் குற்றங்கள். கண்டுபிடிக்கலாம், பொறுப்பாளியைப் பிடிக்கலாம், இடித்துத் திரும்பக் கட்டலாம். தூரத்தை அப்படித் திருத்த முடியாது. தரம் கெட்ட வீட்டையும் இடம் கெட்ட வீட்டையும் ஒரே தட்டில் வைத்து, எங்கே கட்டினாலும் குறைதான் என்று சொல்வது அதிகாரிகளுக்கு வசதியான சமாதானம்.

2021 செப்டம்பரில் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டே மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவையும் மக்கள் கருத்துக்கு வெளியிட்டார்கள். பெயரைவிட வரைவு முக்கியமானது. வெளியேற்றத்துக்கு முன் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொள்வது, முன்பு அது நடக்கவில்லை என்பதற்கான வாக்குமூலமும்கூட.

தீர்ப்பு இதுதான். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு என்பது சரியான நோக்கம். அதை நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, தாழ்நிலத்தில், ஒரே தரப்பினரைக் குவித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பார்வைக்கு வராமல் நிறைவேற்றியது தவறான முடிவு. மலிவான நிலம் என்று கிடைத்த லாபத்தை அந்தக் குடும்பங்கள் தங்கள் கூலியிலிருந்தும் பிள்ளைகளின் படிப்பிலிருந்தும் ஆண்டுதோறும் கட்டிவருகின்றன. இனி ஒரு பெரும்பாக்கம் கூடாது. ஏற்கெனவே போய்விட்டவர்களைத் திரும்ப இடம் மாற்றுவதும் கூடாது. அங்கே ஒரு தலைமுறை வேரூன்றிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது கிரயப் பத்திரம், ஓடும் லிஃப்ட், விடியற்காலைப் பேருந்து, வடிகால், பொறுப்பேற்கும் ஒரு உள்ளாட்சி. சென்னை மாமன்ற உறுப்பினர்கள் இருநூறு பேர் இருக்கிறார்கள். தங்கள் வார்டிலிருந்து எத்தனை குடும்பங்கள் எங்கே அனுப்பப்பட்டன, அவர்களில் எத்தனை பேர் இன்னும் பழைய வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கை அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்கட்டும்.