ஆறுமுகமும் முகமற்றவனும்

'சூப்பர் ஹீரோ' என்பதற்குத் தமிழில் இன்றுவரை ஒரு சொல் நிலைபெறவில்லை. அதிநாயகன், மீநாயகன் என்றெல்லாம் கட்டுரையாளர்கள் எழுதிப் பார்த்தார்கள். வாயில் நிற்கவில்லை. ஆனால் படக்கதை படித்து வளர்ந்த பையன்களிடம் ஐம்பது ஆண்டுகளாக ஒரு சொல் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது: மாயாவி. 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 'வாலியன்ட்' என்ற வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ வரைந்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ஸ்டீல் கிளா'. அதாவது எஃகு நகம், எஃகுக் கை, அவ்வளவுதான். அதில் மாயாவி இல்லை. அங்கே கை தலைப்பாகிறது. இங்கே மறைதல் தலைப்பாகிறது. மொழிபெயர்ப்பு தன் பங்குக்குச் சேர்த்த இந்த ஒரு சொல்லில்தான் தமிழ் வாசகனின் ஆசை முழுவதும் ஒளிந்திருக்கிறது என்பது என் வாதம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளனுக்கு வலக்கை போய்விடுகிறது. பதிலுக்கு இரும்புக்கை. ஆய்வகத்தில் நடக்கும் விபத்தில் மின்சாரம் பாய, கையைத் தவிர அவன் உடல் முழுவதும் மறைந்துவிடுகிறது. அதன்பிறகு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும்போதெல்லாம் சிறிது நேரம் மறைவான். அந்தரத்தில் ஓர் இரும்புக்கை மட்டும் மிதந்து வரும். (தமிழ்நாட்டு மின்வெட்டுக் காலத்தில் மாயாவி என்ன செய்திருப்பான் என்பது எங்கள் பழைய கேலி.) முதலில் அவன் நல்லவன் அல்ல. கிடைத்த சக்தியைக் கொண்டு குற்றத்தில் இறங்குகிறான். பிறகுதான் திருந்தி உளவுப்படையில் சேர்கிறான்.

1984இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடரும் அப்படித்தான். அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்ல இவன். 1965இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் பிறந்தவன், குற்ற உலகின் அரசனாவதே இலட்சியமாகக் கிளம்பியவன், பின்னால் குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்பியவன். இவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938இல் நூற்றுமுப்பது டாலருக்குத் தன் படைப்பின் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு காலமெல்லாம் அதற்காக வழக்காடிய மனிதர், கடல் கடந்துபோய் ஒரு திருடனைக் கதாநாயகனாக்கி எழுதினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. சூப்பர்மேனும் பேட்மேனும் இங்கே தெரியாதவர்கள் அல்ல. ஆனால் தமிழ் வாசகன் உயிரை விட்டது மாயாவிக்கும் ஸ்பைடருக்கும்தான். இருவருமே திருந்திய பகைவர்கள்.

மாயாவி என்ற சொல்லின் பழைய வீட்டைச் சற்றுத் தேடிப் பார்க்கலாம். இராமாயணத்தில் வாலியோடு சண்டையிட்டுக் குகைக்குள் ஓடி மறையும் அசுரனின் பெயர் மாயாவி. திருமாலை மாயோன் என்றும் மாயவன் என்றும் சொல்லிக் கும்பிடுவோம். மாயாவி என்று சொல்லி யாரும் கும்பிடுவதில்லை. மறைந்து நிற்பது, உருமாறுவது எல்லாம் நம் புராணங்களில் பெரும்பாலும் எதிரியின் கலை. எம்.ஏ. தமிழில் கந்தபுராணம் பாடமாக இருந்தபோது எனக்கு அதிகம் ஒட்டியது சூரபதுமன் பக்கம்தான். அவன் பல வடிவம் எடுக்கிறான், கடைசியில் கடல் நடுவே மாமரமாகி நிற்கிறான். எதிரில் நிற்பவனுக்கோ ஆறு முகம். ஒரு முகம்கூட மறைந்தது இல்லை. போதாததற்கு விசுவரூபம் வேறு. ஆறுமுகத்துக்கும் முகமற்றவனுக்கும் நடக்கும் சண்டை அது. மரத்தை வேல் பிளக்க, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் ஆட்கொள்ளப்படுகின்றன. கிராண்டேல் உளவுப்படையில் சேர்ந்த கதையும் இதுதானே?

திருத்தணியில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு வசதி உண்டு. முருகன் கோயில்கள் எங்கும் கந்தசஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே நடப்பதில்லை. சினம் தணிந்த இடம் என்பதால் பூச்சொரிந்து முடித்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்த ஊர்ப் பிள்ளைகள் பகைவன் தோற்பதை ஆண்டுதோறும் வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். அதனால்தான் அவன்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கரிசனமோ என்னவோ.

இன்னொன்றும் உண்டு. 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த எல்லை ஊர் இது. கடைக்காரர் முகத்தைப் பார்த்தே 'ரண்டி'யா 'வாங்க'வா என்று முடிவுசெய்துவிடுவார். அடுத்து, "நீ அவுரு புள்ளதானே? எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதி. எந்தச் சிற்றூரிலும் இதுதான் கதை, இங்கே மொழி ஒன்று கூடுதல். முகம் என்பது எங்களுக்கு அடையாள அட்டை. அது நம்முடையது அல்ல, ஊர் எழுதி வைத்தது. பழைய புத்தகக் கடையில் அரைவிலைக்கு வாங்கிய மாயாவி கதை ஒரு பையனுக்குக் கொடுத்தது சாகசம் மட்டுமல்ல. ஒரு மணி நேரம் யாரும் 'எந்தத் தெரு' என்று கேட்க முடியாத இருப்பு அது. சூப்பர்மேன் பற்றி உம்பர்தோ எகோ 1962இல் எழுதிய கட்டுரையில், கிளார்க் கென்ட் என்ற கூச்சம் பிடித்த நிருபர் சராசரி வாசகனின் உருவம், அமெரிக்காவின் ஒவ்வொரு கணக்கெழுத்தனும் தனக்குள் ஒரு சூப்பர்மேன் இருப்பதாக நம்ப அவன் வழிசெய்கிறான் என்று வாதிட்டார். அது சரி. ஆனால் எகோவின் வாசகன் வேறொருவனாக மலர விரும்புகிறான். முத்து காமிக்ஸ் வாசகன் யாராகவும் இல்லாமல் போக விரும்பினான்.

இந்த விருப்பத்தைத் தமிழ் சினிமா ஒருநாளும் புரிந்துகொண்டதில்லை. புரிந்துகொள்ளவும் முடியாது. அதன் மூலதனமே முகம்.

ஆட்சேபம் வரும்: வேடமும் இரட்டை வாழ்க்கையும் நம் சினிமாவில் இல்லையா? 1954இல் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆர். வேடம் போடவில்லையா? (அதே ஆண்டு தெலுங்கில் 'அக்கி ராமுடு' என்று என்.டி.ராமாராவ் போட்டார்.) போட்டார்கள். ஆனால் வேடம் ஏமாற்றியது கதைக்குள் இருந்த போலீசைத்தான், கொட்டகையில் இருந்தவனை அல்ல. 'பாட்ஷா'வில் (1995) ஆட்டோக்கார மாணிக்கம் நம் கிளார்க் கென்ட் எனலாம். ஆனால் படத்தின் உச்சம் எது? அடங்கிக் கிடந்த முகம் வெளிப்படும் கணம். மாயாவி கதையின் உச்சமோ முகம் மறையும் கணம். ஒன்று விசுவரூபம், மற்றொன்று அதன் நேர் எதிர். எம்.ஜி.ஆர். பிம்பம் ஏழைகளின் அன்றாடத்திலிருந்தே பொருள் திரட்டிக்கொண்டு அரசியலில் அவர்களுக்கு என்ன செய்தது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் விரிவாக எழுதிவிட்டார். இங்கு நான் சேர்க்க விரும்புவது சிறியது: அந்தப் பிம்பத்துக்கு ஓர் எதிர்ப்பிம்பம் சிவகாசியில் அச்சாகி டவுசர் பைகளில் இருந்தது.

அதனால்தான் நம் சூப்பர் ஹீரோ படங்கள் படுத்தபோதெல்லாம் கிராபிக்ஸ் போதவில்லை, பட்ஜெட் போதவில்லை என்று சொல்லப்பட்ட சமாதானங்கள் எனக்கு உவப்பில்லை. சுசி கணேசனின் 'கந்தசாமி'யை (2009) எடுத்துக்கொள்வோம். திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மக்கள் தங்கள் குறைகளை எழுதிக் கட்டுகிறார்கள். விக்ரம் சேவல் வேடத்தில் வந்து நிறைவேற்றுகிறார். பகலில் அவர் சிபிஐ அதிகாரி. சேவல் யார்? பிளக்கப்பட்ட சூரனின் பாதி! எவ்வளவு பெரிய வாய்ப்பு. படமோ சேவலைக் கொக்கரிக்க வைத்து, தலையை ஆட்டவைத்து, விக்ரமின் இன்னொரு கெட்டப்பாக முடித்துக்கொண்டது. இதில் ரசிகனின் இடம் எது என்பதுதான் முக்கியம். மரத்தில் சீட்டு கட்டுபவன். காமிக்ஸ் வாசகன் மனு எழுதியவன் அல்ல, அவனே கையாக மிதந்தவன்.

மோகன் ராஜாவின் 'வேலாயுதம்' (2011) நாகார்ஜுனா நடித்த தெலுங்கு 'ஆசாத்' (2000) வழியாக வந்தது. எல்லை ஊர்க்காரர்களுக்கு இரண்டும் பழக்கம். ஒரு பத்திரிகையாளர் இல்லாத ஒருவன் பெயரில் கடிதம் எழுதிவைக்க, நகரமே முகமில்லாத அந்தப் பெயருக்காகக் காத்திருக்கிறது. அந்தச் சில காட்சிகள் மட்டும் அசலான மாயாவிக் கதை. பிறகு பால்காரர் விஜய் வந்து பெயரை நிரப்பிவிடுகிறார், நாம் கைதட்டத் தொடங்குகிறோம். மிஷ்கினின் 'முகமூடி' (2012) முதல் தமிழ் சூப்பர் ஹீரோ படம் என்றே விளம்பரமானது. அதிலும் முகமூடி முதலில் காதலியின் வீட்டுக் குழந்தைகளைக் கவரப் போடும் வேடம். புரூஸ் லீக்குச் செலுத்திய மரியாதை தெரிகிறது. மறைதலின் சுகம் தெரியவில்லை.

தெலுங்குக்காரர்கள் இதில் நேர்மையானவர்கள். 1980இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் என்.டி.ஆர். அனுமனிடம் சக்தி பெற்று முகத்தோடு பறந்தார். 2024இல் 'ஹனு-மான்' வந்து அதே அனுமனிடம் சக்தி வாங்கியது. அவர்களுக்குப் பக்தி போதும், மாயாவி தேவையில்லை.

2019இல் நடந்த ஒரு சின்னத் தகராறை யாரும் விமர்சனமாகக் கணக்கில் எடுக்கவில்லை. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். பழைய டப்பிங் கலைஞரின் குரல்தான் வேண்டுமென்றார்கள். பெயர் தெரியாத ஒருவரின் குரலுக்காக ஒரு நட்சத்திரத்தை வேண்டாம் என்று தமிழ் ரசிகன் சொன்ன தருணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. இரும்புக் கவசத்துக்குள் யாரும் இருக்கலாம் என்பதுதானே சுகம்? அங்கே தெரிந்த முகம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டால் உட்கார நமக்கு இடமேது?

அதே குரல் 2023இல் மடோன் அஷ்வினின் 'மாவீர'னில் வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. காரணம் வெளிப்படை. இங்கே குரலுக்கு முகமே இல்லை. சத்யா (சிவகார்த்திகேயன்) ஒரு படக்கதைக்காரன், பயந்தாங்கொள்ளி. குடிசையிலிருந்து பெயர்த்து, சுவர் உதிரும் அடுக்ககத்தில் கொண்டுபோய் வைத்த சனங்களில் ஒருவன். அவன் வரைந்த மாவீரன் அசரீரியாக வந்து அவனை ஆட்டிவைக்கிறான். சக்தி ஓரிடம், முகம் ஓரிடம் என்று தமிழ்த் திரை பிரித்துக்காட்டிய ஒரே இடம் இது என்பேன். அதிலும் பயந்த முகம்தான் நமக்குக் காட்டப்படுகிறது. பின்பாதி வழக்கமான சண்டைப் படமாக இறங்கிவிடுவது வேறு விஷயம்.

இவ்வளவும் காமிக்ஸ் வாசகனுக்குப் பரிவட்டம் கட்டுவதற்கு அல்ல. அவனுடைய உலகமும் குறுகிவிட்டது. மாயாவியின் பழைய இதழைப் பாலித்தீன் உறையில் போட்டு வைத்துத் திறக்காமல் இருப்பவனை வாசகன் என்று எப்படிச் சொல்வது? லயனின் முதல் இதழில் கதாநாயகி ஒரு பெண், மாடஸ்டி பிளைசி. ரசிகர்கள் கூடும் இடங்களில் அந்தப் பேச்சு எத்தனை முறை வருகிறது, பேசுபவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர், முப்பது ஆண்டுகளாகச் சேர்ப்பவர், தன் மகளைக்கூட அந்த அலமாரியைத் தொடவிடுவதில்லை.

மறைய வேண்டும் என்ற ஆசையே எல்லோருக்கும் பொதுவானதா என்ற கேள்வியும் இருக்கிறது. பசில் ஜோசப்பின் மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில் (2021) ஒரே மின்னல் இருவர்மீது விழுகிறது. தையற்காரன் ஜெய்சன் நாயகனாகிறான். டீக்கடையில் வேலைபார்க்கும், ஊர் ஒதுக்கிவைத்த ஷிபு வில்லனாகிறான். நம் குரு சோமசுந்தரம் நடித்த அந்த ஷிபுவை மறக்க முடியவில்லை. அவன் ஏற்கெனவே மறைந்தே வாழ்ந்தவன். மின்சாரம் தேவைப்படவில்லை, ஊரே செய்துவிட்டது. அவனுக்கு வேண்டியது ஒரு பெண் தன்னைப் பார்ப்பது, அவ்வளவே. நாயகனுக்குக் கிடைத்த மன்னிப்பு அவனுக்குக் கிடைப்பதில்லை, மயிலாகவும் சேவலாகவும் அவனை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பார்க்கப்படுவதால் அலுத்தவனின் கனவு மாயாவி. பார்க்கவே படாதவன் அந்தப் புத்தகத்தில் என்ன படித்திருப்பான் என்பதை எங்கள் தலைமுறையின் காமிக்ஸ் நினைவுக் கட்டுரைகள் எதுவும் சொல்வதில்லை.

'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படமெடுக்கும் விருப்பத்தை லோகேஷ் கனகராஜ் பலமுறை வெளியிட்டிருக்கிறார். அந்தச் செய்தியை மேற்சொன்ன அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருப்பா ஹீரோ?" என்பதுதான். ஒரு பெரிய பெயரைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்தார். "அவ்ளோ துட்டு குடுத்துட்டு மூஞ்சிய மறைப்பானுங்களா? பாதிப் படத்துக்கு மூஞ்சி தெரிய வச்சிடுவானுங்க. அப்புறம் இன்னாத்துக்கு மாயாவின்னு பேரு?"