பாடம் செய்த கைகள்

டார்வின் 1876இல் எழுதிய தன்வரலாற்றில், எடின்பரோவில் மருத்துவம் படித்த நாட்களைச் சொல்லும் இடத்தில், ஒரு மனிதர் வந்துபோகிறார். கறுப்பர். வாட்டர்டன் என்ற பயணியோடு சுற்றியவர். பறவைகளைப் பாடம் செய்து பிழைத்தவர். காசு வாங்கிக்கொண்டு டார்வினுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். இனிமையானவர், அறிவாளி, அவரோடு அடிக்கடி உட்கார்ந்திருப்பேன் என்றெல்லாம் எழுதுகிற டார்வின், பேரை மட்டும் எழுதவில்லை.

பேர் ஜான் எட்மன்ஸ்டன் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள்தான் தேடி எடுத்தார்கள். இன்றைய கயானாவிலுள்ள டெமராராவில் அடிமையாக இருந்தவர். எட்மன்ஸ்டன் என்பதே அவரை உடைமையாக வைத்திருந்த ஆண்டையின் குடும்பப் பேர். அங்கே வாட்டர்டனிடம் வேலை பழகி, ஸ்காட்லாந்துக்கு வந்து விடுதலையான பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1826இல் டார்வினிடம் அவர் கேட்ட கூலி ஒரு கினி. தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு. இந்தப் பயிற்சி இல்லாமல் பீகிள் கப்பலில் ஐந்து வருஷம் அலைந்த டார்வின், குருவித் தோல்களைக் கெடாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்திருப்பாரா?

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். என் தாத்தா செத்த மாடு உரித்தவர். ஊரில் மாடு செத்தால் ஆள் வரும், இவர் போவார். அவர் கத்தி ஒரு இடத்திலும் தோலைக் கிழிக்காது. "ஓட்ட வுழுந்தா வெல போச்சுடா" என்பார். பறவையைப் பாடம் செய்வதும் அதே சூட்சுமம்தான். வயிற்றில் கீறி, இறகு உதிராமல் தோலைக் கழற்றி, மண்டையோட்டை விட்டுவைத்து, மரத்தூள் போட்டு ஈரம் வாங்கி, பஞ்சு அடைத்துத் தைத்து, காலில் அட்டை கட்டுகிறார்கள். தாத்தாவுக்குச் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும். அங்கே பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் சோப்பு. ஆர்செனிக் விஷம், அதைத் தொட்ட கையும் நம்மைப் போன்றவர்கள் கைதான். ஒரு தோல் அருங்காட்சியகத்துக்குப் போகும், இன்னொரு தோல் தீட்டாகும். அட்டையில் இடம், தேதி, சேகரித்தவர் பேர் இருக்கும். சேகரித்தவர் என்றால் பயணத்துக்குத் தலைமை தாங்கிய துரை. உரித்தவன் பேர் பெரும்பாலும் இருக்காது.

இந்தக் கண்ணோடு சாலிம் அலியின் தன்வரலாற்றை (ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி, 1985) திரும்ப வாசித்தேன். நல்ல புத்தகம். பொய் இல்லாத புத்தகம். சின்னப் பையன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுடுகிறான், கழுத்தில் மஞ்சளாக இருக்கிறதே என்ன குருவி என்று கேட்கிறான். மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். மில்லர்டு என்ற வெள்ளைக்காரச் செயலாளர் அலமாரிகளைத் திறந்து காட்டுகிறார். எல்லோரும் கொண்டாடுவது அந்தக் குருவியை. நான் அந்தக் கடிதத்தில் நின்றுவிட்டேன். எங்கள் சேரியிலும் உண்டிவில்லால் குருவி அடிக்காத பையன் உண்டா? கடிதம் எழுத மாமா இல்லை, அவ்வளவுதான்.

சாலிம் அலியிடம் பட்டம் கிடையாது. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார், மாதம் 350 ரூபாய். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போய் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பி வந்தால் அந்தப் பதவியே இல்லை. கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பட்டம் இல்லாதவருக்கு பெர்லின் என்று ஒரு வழி இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்தாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. ஓர் ஆய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளர் நேர்காணல். "கள அனுபவம் உண்டா?" என்றார்களாம். அனுபவம் எங்கே கிடைக்கும்? ஆறு மாதம் சம்பளமில்லாமல் தன்னார்வலராகக் காட்டில் இருந்தால் கிடைக்கும். அந்த ஆறு மாதமும் சாப்பாட்டுக்கு யார் கட்டுவது? அவள் அம்மா ஏரியில் நண்டு பிடித்தே மகளை வளர்த்தவள். எந்த மாதம் எந்தக் கொக்கு வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்படியானால் தோல் உரிக்கிற வேலையை உங்க பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர், முற்போக்கானவர்தான், சொன்னார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்ததும் இதே நியாயம்தான். குலக்கல்வி என்று பேர் வாங்கி மறுவருஷமே ஒழிந்தது. தாத்தாவின் கத்தியை நான் கேட்கவில்லை. அலமாரிச் சாவியைக் கேட்கிறேன். எந்த உயிருக்கு எந்தப் பேர் என்று முடிவு செய்கிற மேசையில் நாற்காலி கேட்கிறேன்.

இருளர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டபின் 1978இல் அவர்களுக்குப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள், பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவது பெருமளவு அவர்களை நம்பித்தான். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள், 2023இல் பத்மஸ்ரீ. சந்தோஷம். பத்திரிகைகள் "பரம்பரைத் திறமை" என்றே எழுதின. பாம்பின் தடத்தைப் பார்த்து இனத்தையும் போன திசையையும் சொல்வதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்! நாம் செய்தால் ரத்தத்தில் ஊறியது, அவர்கள் செய்தால் ஆராய்ச்சி.

டார்வினும் அந்தக் கறுப்பரை நல்லவர், அறிவாளி என்றுதான் எழுதினார்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. இந்த முறை சொந்தமாக பைனாகுலர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமாவது பழையது இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இரவலாகத் தந்தாலும் போதும்.